மதுரைக்கு மேலே பறக்க: எக்ஸ்-பிளேனில் சொந்த ஊர் டைல்களைக் கட்டிய அனுபவம்

10 டிகிரி வடக்கு அட்சரேகையும் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்ளும் இடம் சோழவந்தானுக்குச் சற்றுத் தென்கிழக்கே விழுகிறது. ஃபிளைட் சிமுலேட்டரில், அதாவது கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருளில், மதுரைக்குச் சீனரி (மேலேயிருந்து தெரியும் தரைக்காட்சி) கட்ட நினைக்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான். எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டர் உலகத்தை ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி என்று கட்டம் கட்டமாக வெட்டி வைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தைத்தான் டைல் என்கிறோம். ஒவ்வொரு டைலுக்கும் அதன் தென்மேற்கு மூலையின் எண்தான் பெயர். மதுரை நகரமும் விமான நிலையமும் +09+078. திருமங்கலம் +09+077. கொடைக்கானல், பெரியகுளம், வைகை அணை எல்லாம் +10+077. அழகர்கோவில் +10+078. மதுரையிலிருந்து கிளம்பிக் கொடைக்கானலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வர நாலு டைலும் வேண்டும். நாலும் சந்திக்கிற மூலை நம் வயல்காட்டில் இருக்கிறது.

எனக்கு வாடிப்பட்டிப் பக்கம். எக்ஸ்-பிளேனோடு வரும் சீனரியிலும் எங்கள் ஊர் இருக்கத்தான் செய்கிறது. நான்குவழிச் சாலை இருக்கிறது, திண்டுக்கல் - மதுரை ரயில் பாதை இருக்கிறது, வடக்கே சிறுமலை எழும்பி நிற்கிறது. ஆனால் தரை முழுக்கப் பொதுவான வயல் படம்தான். இது விவசாய நிலம், இது புதர்க்காடு, இது நகரம் என்று நிலத்தை வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் வைத்திருக்கும் படங்களைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறார்கள். உலகம் முழுவதையும் ஒரு கணினிக்குள் அடக்க அது நல்ல வழிதான். ஆனால் பேரணையில் பிரியும் பெரியாறு கால்வாய் எந்தப் பக்கமாகப் பச்சையை இழுத்துக்கொண்டு போகிறது, எந்த ஊருக்கு எந்தக் கண்மாய் என்பதெல்லாம் அதில் வராது. மேலேயிருந்து பார்க்கும்போது ஊரை நாம் கண்டுபிடிப்பது இவற்றை வைத்துத்தான்.

2020இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வான்படங்களைப் பறக்கும்போதே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. அது இருக்கும்போது இந்த வேலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டைல் நம் டிஸ்க்கில் இருந்தால் இணையம் போனாலும் பறக்கலாம். அதைவிடப் பெரிய காரணம், தப்பாக இருப்பதை நாமே திருத்தலாம். எனக்கு இந்த இரண்டாவது காரணம்தான் முக்கியம்.

நான் பயன்படுத்துவது ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற இலவச மென்பொருள். பைத்தானில் எழுதப்பட்டது, மூலநிரலும் திறந்தே கிடைக்கிறது. வேலை நாலு படிகளாக நடக்கும். முதலில் தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (ஓஎஸ்எம்) என்ற இணைய வரைபடத்திலிருந்து கடற்கரை, ஆறு, ஏரி, விமான நிலையம் இவற்றின் எல்லைக்கோடுகளை எடுக்கும். அடுத்து உயரத் தரவை வைத்துத் தரையை முக்கோணங்களாகப் பின்னும். இதைத்தான் மெஷ் என்பார்கள். மூன்றாவது, கடலும் கரையும் கலக்கும் இடத்துக்கான மாஸ்க், அதாவது அங்கே படம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும் மறைப்பு. கடைசியாக வான்படங்களை இறக்கிச் சுருக்கி, எல்லாவற்றையும் சேர்த்து எக்ஸ்-பிளேன் படிக்கும் டிஎஸ்எஃப் என்ற தரைக் கோப்பாகக் கட்டும். அந்தக் கடைசிப் படிதான் நேரத்தையும் டிஸ்க்கையும் தின்னும். அதனால் எல்லோரும் எந்த ஜூம் (படத்தின் நுணுக்க அளவு), எத்தனை ஜிபி என்று அதைப் பற்றியே பேசுகிறார்கள். என் அனுபவத்தில் ஊர் ஊராகத் தெரிவதும் தெரியாமல் போவதும் முதல் இரண்டு படிகளிலேயே முடிவாகிவிடுகிறது. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அடியில் தரை தட்டையாக, ஆறு தப்பாக இருந்தால் அது தரையில் விரித்த போஸ்டர்தான்.

ஜூம் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். ஜூம் 16இல் ஒரு பிக்சல் தரையில் சுமார் 2.4 மீட்டர், 17இல் 1.2 மீட்டர், 18இல் 0.6 மீட்டர். படங்கள் 4096-க்கு 4096 பிக்சல் சதுரங்களாகச் சேமிக்கப்படுகின்றன. சுருக்கிய பிறகு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 11 எம்பி. நம் ஊர் அட்சரேகையில் ஒரு டைலை முழுதாக மூட ஜூம் 16இல் 150 சதுரங்கள் போல ஆகும். அதாவது ஒன்றரை ஜிபிக்குக் கொஞ்சம் மேல். ஜூமை ஒன்று கூட்டினால் இடம் நாலு மடங்கு. 17இல் ஒரு டைல் 6 ஜிபி, 18இல் 23, 24 ஜிபி. நாலு டைலையும் 18இல் கட்டினால் 100 ஜிபியை நெருங்கிவிடும், ஏற்றுவதற்கும் கணினி திணறும்.

அவ்வளவு தேவையே இல்லை. 5,000 அடிக்கு மேல் பறக்கும்போது 16க்கும் 17க்கும் வித்தியாசம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் டைல் முழுவதும் 16 வைத்துக்கொண்டு, வைகையை ஒட்டிய பட்டைக்கும் மதுரை நகரத்துக்கும் 17, விமான நிலையத்தைச் சுற்றி மட்டும் 18 கொடுத்திருக்கிறேன். ஆர்த்தோ4எக்ஸ்பியின் வரைபட ஜன்னலில் பலகோணம் வரைந்து அதற்குள் மட்டும் ஜூமைக் கூட்டலாம். விமான நிலையங்களைச் சுற்றித் தானாகக் கூட்டிக்கொள்ளும் அமைப்பும் இருக்கிறது. 17இல் 2,000 அடியிலிருந்து மதுரையைப் பார்க்கும்போது மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் தெரியும். கிழக்கே வண்டியூர்த் தெப்பக்குளமும் நடு மண்டபமும் தெரியும். அதற்கு 18 வேண்டியதில்லை. 18இல் கிடைப்பது கொடிக்காலின் கரும்பச்சைத் துண்டுகள் மாதிரி நுணுக்கங்கள். தாழப் பறப்பவருக்கு அது சந்தோஷம்தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு டைலுக்குள் மூன்று வெவ்வேறு காலங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தரையின் உயரம் பெரும்பாலும் எஸ்ஆர்டிஎம் தரவிலிருந்து வருகிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ராடாரால் அளந்தது அது. வான்படம் ஏதோ ஒரு வருடத்தின் ஏதோ ஒரு மாதத்தில் எடுத்தது. மேகம் இல்லாத நாளாகப் பார்த்து எடுப்பார்கள், அதனால் நம் பக்கத்துக்குப் பெரும்பாலும் வறண்ட காலமாக இருக்கும். ஆறு, கண்மாய் எல்லைக்கோடுகள் தன்னார்வலர்கள் வெவ்வேறு சமயங்களில் வரைந்தவை. ஐரோப்பாவின் ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் இது பெரிய பிரச்சினை இல்லை, அங்கே வருடம் முழுவதும் கரை ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும். வைகைக்கும் நம் கண்மாய்களுக்கும் இதுதான் பிரச்சினையே.

முதலில் கட்டிய டைலைச் சித்தப்பாவிடம் காட்டினேன். அவருக்கு இப்போதும் விவசாயம்தான். விமானம் சோழவந்தான் மேலே போய்க்கொண்டிருந்தது. கீழே கரைக்குக் கரை நீலமாக வைகை.

"ஏப்பா, அணையத் தொறந்துட்டாய்ங்களா?" என்றார்.

"இல்ல சித்தப்பா, மேப்புல ஆறுன்னு போட்டிருக்கறதால அதுவா தண்ணிய நெப்பிருச்சு."

"அப்ப மணல் எங்க? ஆத்துக்குள்ள வண்டி போற தடம் எங்க?"

அவர் கேட்ட மணலும் தடமும் வான்படத்தில் இருந்தன. மேலே ஊற்றிய தண்ணீர் அவற்றை மறைத்திருந்தது. ஆர்த்தோ4எக்ஸ்பி உள்நாட்டு நீர்நிலைகளை இரண்டு அடுக்காகப் போடுகிறது. கீழே எக்ஸ்-பிளேனின் தண்ணீர், மேலே கொஞ்சம் ஊடுருவித் தெரியும்படி வான்படம். எவ்வளவு ஊடுருவ வேண்டும் என்பதை ரேஷியோ வாட்டர் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. 0 என்றால் படம் மட்டும் தெரியும், தண்ணீர் தெரியாது. 1 என்றால் தண்ணீர் மட்டும். இயல்பாக 0.25 இருக்கும். வெயில் பட்டுத் தகதகக்கும்போது அந்த 0.25-ஏ ஆற்றை நிறைத்துக் காட்டப் போதுமானது. இதை 0.05 அளவுக்கு இறக்கியதும் மணல் திட்டும், நாணல் புதரும், நடுவே ஓடும் மெல்லிய நீரோட்டமும், சித்தப்பா கேட்ட தடமும் மேலே வந்தன. நம் ஊர் ஆறுகளுக்கு டைல் கட்டுபவர்கள் எல்லோரும் முதலில் மாற்ற வேண்டிய அமைப்பு இதுதான். பாலாறு, வைப்பாறு, குண்டாறு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கண்மாய்க்கு இது மட்டும் போதாது. மேலேயிருந்து பார்த்தால் நம் கண்மாய்கள் அரைநிலா மாதிரி இருக்கும். நிலம் தாழும் பக்கம் வளைந்த கரை, மேட்டுப் பக்கம் விரிந்த நீர்ப்பிடிப்பு. ஒன்றின் மறுகால் அடுத்ததற்குப் போகும். இந்தச் சங்கிலிதான் மதுரையிலிருந்து கிழக்கே பறக்கும்போது கண்ணுக்குக் கிடைக்கும் முதல் அடையாளம். வான்படத்தில் இவற்றில் பாதி வறண்டு கிடக்கும், உள்ளே சீமைக் கருவேலம் அடர்ந்திருக்கும். அந்த மரங்களுக்கு மேல் தண்ணீர் மினுமினுத்தால் பார்க்கவே பொருந்தாது. டைல் அமைப்பில் எவ்வளவு பரப்புக்கு மேல் இருந்தால் நீர்நிலையாகக் கொள்ள வேண்டும் என்று சதுர கிலோமீட்டரில் ஓர் அளவு இருக்கிறது. அதை 0.2 வாக்கில் உயர்த்திவிட்டேன். மாடக்குளம், வண்டியூர் மாதிரி பெரிய கண்மாய்கள் தண்ணீராக நிற்கின்றன. சின்னச் சின்ன ஊருணிகளும் குட்டைகளும் படத்தில் எப்படி இருக்கின்றனவோ அப்படியே தெரிகின்றன. வறண்டிருந்தால் வறண்டே தெரியட்டும், ஊரிலும் அப்படித்தானே.

சில கண்மாய்களின் எல்லைக்கோடு நிஜமாகவே தப்பாக இருந்தது. கரைக்கு வெளியே வயலுக்குள் ஓடியது, அல்லது இரண்டு கண்மாய் ஒன்றாக வரையப்பட்டிருந்தது. இதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே போய்த் திருத்துவது நல்லது. கணக்கு ஒன்று தொடங்கினால் யாரும் திருத்தலாம். கோடையில் வற்றும் நீர்நிலைக்கு 'இன்டர்மிட்டன்ட்' என்று குறிக்கவும் அங்கே இடம் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சிமுலேட்டரில் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இருக்கிற கண்மாயை வரைபடத்திலிருந்து அழிக்கக் கூடாது. அந்த வரைபடத்தை நம்பி எத்தனையோ பேர் வேறு வேலை செய்கிறார்கள். தரையில் இருப்பதை உள்ளபடி வரையலாம், சிமுலேட்டருக்கான ஒப்பனையை டைல் அமைப்பில் வைத்துக்கொள்ளலாம்.

திருத்திய பிறகு டைலைத் திரும்பக் கட்டினால் பழைய கோடே வரும். பலர் இங்கேதான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஆர்த்தோ4எக்ஸ்பி ஒருமுறை இறக்கிய வரைபடத் தரவைத் தன் கோப்புறையில் வைத்துக்கொண்டு அடுத்த முறையும் அதையே எடுக்கிறது. அந்த டைலுக்கான ஓஎஸ்எம் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டு முதல் படியிலிருந்து ஓட்ட வேண்டும். வான்படங்களுக்கும் இதே கதைதான். எங்காவது வெள்ளைச் சதுரம் வந்தால் கட்டிய டைலில் உள்ள டிடிஎஸ் கோப்பை (சுருக்கிய படத்தை) மட்டும் அழித்துப் பயனில்லை. இறக்கி வைத்த ஜேபெக் படத்தையும் சேர்த்து அழித்தால்தான் புதிதாக இறக்கும்.

அடுத்து உயரம். மதுரைக்கு மேற்கே நாகமலை என்று ஒரு தொடர். பல கிலோமீட்டர் நீளம், ஆனால் அகலம் கொஞ்சம்தான். பாம்பு படுத்த மாதிரி இருப்பதால்தான் அந்தப் பெயர். 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று அளந்த தரவில் இந்த முதுகு துண்டுதுண்டான மேடுகளாக உடைந்துவிடுகிறது. யானைமலையும் அப்படித்தான். படுத்திருக்கும் யானையின் தலைச்சரிவு வெறும் மண்மேடாக வழுக்கி இறங்குகிறது. மதுரைக்காரர் யாருக்கும் அது யானைமலை என்று தோன்றாது. 30 மீட்டர் தரவுக்கு மாறியதும் இரண்டும் திரும்பி வந்தன. ஒரு டிகிரிக்கு 3601-க்கு 3601 புள்ளிகள் இருக்கும் கோப்பு அது. என்10இ077 என்ற மாதிரிப் பெயரில் கிடைக்கும்.

தரவை மாற்றினால் மட்டும் போதாது. மெஷ் எவ்வளவு நுணுக்கமாகப் பின்னப்பட வேண்டும் என்பதை கர்வேச்சர் டாலரன்ஸ் என்ற எண் தீர்மானிக்கிறது. எண் குறைந்தால் முக்கோணங்கள் கூடும், வளைவுகள் உயிர்பெறும், கணினிக்கு வேலையும் கூடும். சமவெளி டைலுக்கு இயல்பு எண்ணே போதும். +10+077க்கு நான் அதைப் பாதியாகக் குறைத்தேன். பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு நேர்கோட்டில் 14 கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றம் 1,800 மீட்டருக்கும் மேல். அந்தச் செங்குத்துச் சரிவில் ராடார் தரவிலேயே ஓட்டைகள் இருக்கும். அவற்றை நிரப்பிச் சரிசெய்த தரவை எடுக்காவிட்டால் பாறை முகத்தில் ஊசி மாதிரி முட்கள் கிளம்பும். வியூஃபைண்டர் பனோரமாஸ் என்ற பெயரில் கிடைக்கும் தொகுப்பு இப்படி ஓட்டை அடைத்த தரவு. ஆர்த்தோ4எக்ஸ்பியும் இயல்பாக அதைத்தான் எடுக்கிறது.

மலைமேல் இன்னொரு சோதனை கொடைக்கானல் ஏரி. எல்லைக்கோட்டுக்கும் உயரத் தரவுக்கும் கொஞ்சம் ஒத்துப்போகாவிட்டால் ஏரி ஒரு பக்கம் சரிந்து நிற்கும். தண்ணீர் சரிந்து நிற்பதைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும். வாட்டர் ஸ்மூத்திங் என்ற அமைப்பைக் கூட்டினால் சமமாகிவிடும். வைகை அணைக்கு வேறு வைத்தியம் தேவைப்பட்டது. ஒரு நீர்த்தேக்கத்தை ராடார் அளந்தால் அன்றைய நீர்மட்டம்தான் தரையாகப் பதிவாகும். அணையின் முழு மட்டம் 71 அடி என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வான்படத்திலோ நீர் வெகுதூரம் பின்வாங்கி, கரையோரம் பழுப்பாகச் சேறு தெரிகிறது. அணைக்கட்டின் கரையே மெஷ்ஷில் கரைந்துபோயிருந்தது. இதற்கு பேட்ச் என்று ஒரு வழி உண்டு. ஜோசம் என்ற வரைபடத் திருத்தியில் அணைக்கரையை நீள்கோடுகளாக வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் உயரம் கொடுத்து, ஆர்த்தோ4எக்ஸ்பியின் பேட்ச் கோப்புறையில் வைத்தால் மெஷ் பின்னும்போது அந்த உயரத்தை எடுத்துக்கொள்ளும். பொறுமையான வேலை. ஆனால் ஆண்டிபட்டிப் பக்கமிருந்து வரும்போது கரை நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் அந்தப் பொறுமைக்குப் பலன் தெரியும்.

டைல்கள் ஒட்டும் இடத்தையும் கவனிக்க வேண்டும். 78 டிகிரிக் கோடு சிறுமலையைக் குறுக்கே வெட்டிப் போகிறது. ஒரு டைலை 90 மீட்டர் தரவிலும் பக்கத்து டைலை 30 மீட்டர் தரவிலும் கட்டினால் மலை நடுவே படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு விழும். சில இடத்தில் இடுக்கு வழியே வானம் தெரியும். இதே கோடு விமான நிலையத்துக்கும் வம்பு பண்ணுகிறது. ஓடுதளம் 09இல் இறங்க மேற்கேயிருந்து வரும்போது, தரையிறங்க சுமார் 9 கிலோமீட்டர் இருக்கையில் +09+077லிருந்து +09+078க்குள் நுழைகிறோம். இரண்டு பக்கமும் வேறு வேறு படமூலம் என்றால் சரியாக அந்த இடத்தில் தரையின் நிறம் மாறும். ஒரு பக்கம் செம்மண், மறுபக்கம் சாம்பல் பச்சை. அதனால் அடுத்தடுத்த டைல்களுக்கு ஒரே உயரத் தரவு, ஒரே படமூலம் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு மூலத்தில் ஒரு டைல் பிரமாதமாக இருந்து பக்கத்து டைல் மேகமாக இருந்தால், நாலுக்கும் சுமாரான ஆனால் ஒத்த நிறமுள்ள வேறு மூலத்தைத்தான் எடுப்பேன். பறக்கும்போது ஒரு கட்டத்தின் அழகைவிட நாலும் ஒன்றாகச் சேர்வதுதான் கண்ணுக்கு இதம்.

கட்டிய டைல்களை எக்ஸ்-பிளேனின் கஸ்டம் சீனரி கோப்புறையில் போட்டதும் வேலை முடிந்துவிடாது. அங்கே சீனரி பேக்ஸ் என்ற ஐஎன்ஐ கோப்பு ஒன்று இருக்கிறது. மேலே எழுதியிருப்பதற்கு முன்னுரிமை. விமான நிலையங்கள் மேலே, அதற்குக் கீழே சாலை, மரம், வீடுகள் இருக்கும் ஓவர்லே என்ற அடுக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் வான்பட டைல். அந்த வரிசை எழுத்துப்படி அமையட்டும் என்றுதான் ஆர்த்தோ4எக்ஸ்பி ஓவர்லே கோப்புறைக்கு ஒய் என்றும் டைலுக்கு இசட் என்றும் முதலெழுத்து வைக்கிறது. டைல் ஓவர்லேக்கு மேலே போய்விட்டால் சாலை, மரம், வீடு எல்லாம் காணாமல் போய் மொட்டைத் தரை மட்டும் இருக்கும். ஒரே இடத்துக்கு இரண்டு அடித்தளச் சீனரி இருந்தால் மேலே இருப்பது மட்டும்தான் ஏறும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எது ஏறியது என்று சந்தேகம் வந்தால் லாக் கோப்பைத் திறந்து டைல் எண்ணைத் தேடினால் தெரிந்துவிடும். டைல்களை வேறு டிஸ்க்கில் வைத்து, கஸ்டம் சீனரியில் ஷார்ட்கட் மட்டும் வைத்தாலும் விண்டோஸில் வேலை செய்கிறது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஓவர்லேயை எக்ஸ்-பிளேனின் இயல்பு சீனரியிலிருந்துதான் பிரித்தெடுக்க வேண்டும், ஆகவே ஆசியப் பகுதி நிறுவியிருக்க வேண்டும். சாலை, ரயில் பாதை, மின்கம்பி எல்லாம் நன்றாகவே பொருந்துகின்றன. வீடுகள்தான் உறுத்தும். சரிந்த கூரையோடு அமெரிக்கப் புறநகர் வீடுகள் செல்லூரிலும் ஆரப்பாளையத்திலும் முளைத்து நிற்கும். நம் ஊர் வீடுகள் மொட்டை மாடி. 17 ஜூம் படத்தில் அந்த மாடிகள் தெளிவாகவே தெரிகின்றன. அதனால் கட்டடங்களின் அடர்த்தியைக் குறைத்துவிட்டு, மரங்களையும் சாலைகளையும் வைத்துக்கொள்வதுதான் என் தேர்வு.

கோபுரங்களை மட்டும் தட்டையாக விட மனம் வரவில்லை. தெற்குக் கோபுரம் 170 அடி உயரம். படத்தில் அது ஒரு நிழலாகத் தரையில் கிடந்தது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் சாதாரணமான படிப்படி வடிவம் ஒன்று செய்து, எக்ஸ்-பிளேனுக்கு ஏற்ற பொருளாக மாற்றி, வேர்ல்டுஎடிட்டர் என்ற சீனரித் திருத்தியில் நான்கு வெளிக்கோபுரங்களின் இடத்திலும் நிறுத்தினேன். சிற்பம், சுதை எதுவும் கிடையாது, நிறம் மட்டும்தான். அதுவே வடக்கேயிருந்து வரும்போது நகரத்தின் நடுப்புள்ளியைக் காட்டிக்கொடுக்கிறது.

கடலோர டைலுக்கு வந்தால் கவலைகள் மாறுகின்றன. ராமேஸ்வரம், பாம்பன், அரிச்சல்முனை மூன்றும் +09+079க்குள் அடங்கிவிடுகின்றன. பெரும்பகுதி கடல் என்பதால் இடமும் குறைவாகவே பிடிக்கும். இங்கே மாஸ்க்தான் எல்லாம். அகலத்தைக் கூட்டினால் ஆழமற்ற நீரின் பச்சை நிறம் மெல்ல மெல்லக் கடல் நீலமாக மாறும். குறைத்தால் கரையோரம் கத்தியால் வெட்டிய மாதிரி கோடு விழும். தனுஷ்கோடி மணல்முனையின் வடிவம் மாறிக்கொண்டே இருப்பதால் கடற்கரைக் கோடும் படமும் அங்கே ஒத்துப்போவதில்லை. அகலமான மாஸ்க் அந்தக் குறையையும் மூடிவிடுகிறது. பாம்பனில் பாலத்தின் படம் தண்ணீர்மேல் தட்டையாகக் கிடக்கும், ஓவர்லேயின் முப்பரிமாணப் பாலம் அதற்குச் சற்றுத் தள்ளி நிற்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம் உங்கள் படத்தில் இருக்கிறதா என்பது அது எடுக்கப்பட்ட வருடத்தைப் பொறுத்தது.

டைல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நான் இரண்டு வேளைகளில் பறப்பேன். மெஷ்ஷைச் சோதிக்க மாலை ஐந்தரை. சாய்ந்த வெயிலில் மேடுபள்ளம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும், முள்ளோ வெட்டோ இருந்தால் மறைய முடியாது. படத்தைச் சோதிக்கக் காலை பத்தரை. படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் அந்த நேரத்தை ஒட்டித்தான் கடந்துபோகும். படத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கும் நிழலும் சிமுலேட்டரின் நிழலும் ஒரே பக்கம் விழுந்து, தரை இயல்பாகத் தெரியும். ஆற அமரச் சுற்றிப் பார்க்க வேண்டிய பறப்புகளை நான் இந்த நேரத்துக்குத்தான் வைத்துக்கொள்கிறேன்.

ஃபிளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டரைப் பயன்படுத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கேயும் கோப்புறைகள் ஒரு டிகிரிக் கணக்குதான், மதுரைக்கு இ070என்00க்குள் இ078என்09. அதற்குள் நம் அட்சரேகையில் எட்டில் ஒரு டிகிரி அளவுள்ள சின்ன டைல்கள். சொந்தமாகக் கட்டியதை, சீனரியைத் தானாக இறக்கும் டெராசிங்க் வசதியின் கோப்புறைக்குள் வைக்காதீர்கள், அடுத்த ஒத்திசைவில் மேலெழுதப்படலாம். தனிக் கோப்புறை தொடங்கி, லாஞ்சரில் கூடுதல் சீனரி இடமாகச் சேர்த்துவிடுங்கள்.

கட்டி முடித்ததும் நண்பர்கள் டைலைக் கேட்பார்கள். வான்படங்களின் உரிமை நம்முடையது இல்லை, அதனால் டைலை அப்படியே கொடுக்க முடியாது. கொடுக்கக்கூடியவை வேறு இருக்கின்றன. ஒவ்வொரு டைலோடும் சேமிக்கப்படும் சிறிய அமைப்புக் கோப்பு, நாமே வரைந்த அணை பேட்ச், நாமே செய்த கோபுரப் பொருட்கள் இவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். இவை சில எம்பிதான். வாங்குபவர் தன் கணினியில் ஓட்டினால் அதே டைல் அவருக்கும் கிடைக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்திய கண்மாய்களோ கேட்காமலேயே எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். விருதுநகர்ப் பக்கமோ சிவகங்கைப் பக்கமோ யாராவது தங்கள் பகுதியைக் கட்டுவதாக இருந்தால், எந்த உயரத் தரவு, எந்தப் படமூலம் என்பதை முதலிலேயே பேசி ஒன்றாக வைத்துக்கொள்வோம். அப்புறம் ஒருவர் திருத்திய பேட்சை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.